தேதி மாறினால், இடம் மாறினால்: கட்டிய பணம் யாருடையது?



நம் குடும்பங்கள் இன்று பல காரியங்களுக்கு முன்கூட்டியே பணம் கட்டுகின்றன. பிள்ளைகளின் நுழைவுத் தேர்வுப் பயிற்சி முகாம், கோடை வகுப்பு, விளையாட்டுப் போட்டி, பொருட்காட்சி, சுற்றுலா, நிக்காஹ் மண்டபம், உம்ரா என்று பட்டியல் நீளும். பணம் முதலில் போய்விடுகிறது. சேவை பிறகுதான் வருகிறது. இடையில் ஒருநாள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வரும்: தவிர்க்க முடியாத காரணத்தால் நிகழ்ச்சி ஒத்திவைக்கப்படுகிறது, கட்டிய பணம் புதிய தேதிக்குச் செல்லும்.

அந்தச் செய்தியில் நம்மிடம் சம்மதம் கேட்கப்படுவதில்லை. நாமும் "சரி, என்ன செய்வது" என்று இருந்துவிடுகிறோம். புதிய தேதியில் பிள்ளைக்குப் பரீட்சை இருக்கும், அல்லது வெளிநாட்டிலிருந்து விடுப்பில் வந்த தகப்பனார் திரும்பிப் போயிருப்பார். இரண்டாயிரமோ ஐயாயிரமோ, போனது போனதுதான் என்று விட்டுவிடுகிறோம். மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய குடும்பத்துக்கு அது சிறிய தொகை இல்லை. அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது, எப்படிக் கேட்க வேண்டும் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

சென்னையில் நடந்தவை

2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ள பனையூரில் ஏ.ஆர். ரஹ்மானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சி நடக்க இருந்தது. மழையால் அது ஒத்திவைக்கப்பட்டு, செப்டம்பர் 10 அன்று நடந்தது. அன்று கூட்டம் கட்டுக்கடங்காமல் போனது. டிக்கெட் வைத்திருந்த பலர் உள்ளே போக முடியாமல் திரும்பினார்கள். பெண்களும் குழந்தைகளும் நெரிசலில் சிக்கித் தவித்தார்கள். மறுநாள் ரஹ்மான், உள்ளே வர முடியாதவர்கள் டிக்கெட்டின் நகலையும் குறையையும் எழுதி அனுப்பும்படி சமூக ஊடகத்தில் கேட்டுக்கொண்டார். ஏற்பாடு செய்த நிறுவனமும் பொறுப்பேற்றது. பிறகு பணம் திருப்பித் தரப்பட்டது.

இசை நிகழ்ச்சிக்குப் போவது பற்றிய மார்க்கச் சட்டம் இங்கே நம் பேச்சு இல்லை. பணம் கொடுத்தவரின் உரிமைதான் பேச்சு. அந்தச் சம்பவத்தில் நாம் பார்க்க வேண்டியது ஒன்று: பணத்தைத் திரும்பப் பெற முதலில் கேட்கப்பட்டது டிக்கெட்டின் நகல்.

அதே ஆண்டு டிசம்பர் 9, 10 தேதிகளில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி நடக்க இருந்த ஃபார்முலா 4 கார் பந்தயம் மிக்ஜாம் புயலால் தள்ளிப்போனது. அது நடந்தது 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 தேதிகளில். இடைவெளி ஏறக்குறைய ஒன்பது மாதம். ஒரு வாரம் தள்ளிப்போவதும் ஒன்பது மாதம் தள்ளிப்போவதும் ஒன்றாகாது.

இடமாற்றத்துக்கும் உதாரணம் உண்டு. 2018 ஏப்ரலில் காவிரிப் போராட்டத்தின்போது, சேப்பாக்கத்தில் ஒரே ஒரு ஐ.பி.எல். ஆட்டம் நடந்த பிறகு, சென்னை அணியின் மற்ற உள்ளூர் ஆட்டங்கள் புனேவுக்கு மாற்றப்பட்டன. ஏறக்குறைய ஆயிரம் ரசிகர்களை அணி நிர்வாகம் தனி ரயிலில் புனேவுக்கு அழைத்துப் போனது. மற்றவர்கள் தொலைக்காட்சியில்தான் பார்த்தார்கள். இடம் மாறினால் சிலரால் போக முடியும், பலரால் முடியாது. நம் ஊர் நிலைமையும் இதுதான். பெரம்பலூரில் ரயில் நிலையமே கிடையாது. திருச்சியில் நடக்கும் என்று சொன்ன முகாமைச் சென்னைக்கு மாற்றினால், மகளை அழைத்துக்கொண்டு போய் இரவு தங்கித் திரும்பும் செலவு, கட்டிய கட்டணத்தையே தாண்டிவிடும்.

மார்க்கம் சொல்வது

திருக்குர்ஆனின் அல்மாயிதா அத்தியாயம், ஒப்பந்தங்களை நிறைவேற்றும்படி ஏவித்தான் தொடங்குகிறது. அன்னிஸா அத்தியாயத்தின் 29ஆம் வசனம், ஒருவர் பொருளை மற்றவர் தவறான வழியில் உண்பதைத் தடுத்து, இரு தரப்பின் சம்மதத்தோடு நடக்கும் வணிகத்தை விதிவிலக்காக்குகிறது. நாம் சம்மதித்தது ஒரு தேதிக்கும் ஒரு இடத்துக்கும். வேறு தேதி, வேறு இடம் என்றால் சம்மதமும் புதிதாக வேண்டும்.

ஃபிக்ஹில் 'இஜாரா' என்னும் பாடத்தில், கூலியும் வாடகையும் பயனுக்கு ஈடாகத் தரப்படுபவை என்று படிக்கிறோம். பயன் கிடைக்கவில்லை என்றால் அதற்கான கூலியை வைத்துக்கொள்ள நியாயம் இல்லை. 'இகாலா' என்றும் ஒன்று உண்டு. வாங்கியவர் மனம் மாறி வந்தால்கூட வியாபாரத்தை முறித்துத் திரும்ப ஏற்றுக்கொள்பவருக்கு அல்லாஹ்வின் மன்னிப்பு உண்டு என்ற நற்செய்தி அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியிருக்கிறது. மனம் மாறியவருக்கே இந்தச் சலுகை என்றால், தேதியை மாற்றாமலேயே மாட்டிக்கொண்டவரின் பணத்தைத் திருப்பித் தருவது எவ்வளவு அவசியம்!

நாட்டுச் சட்டம் சொல்வது

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 55ஆவது பிரிவில் இதற்கு வழி சொல்கிறது. குறித்த நேரத்தில் நடப்பதுதான் ஒப்பந்தத்தின் முக்கிய அம்சம் என்றால், அந்த நேரம் தவறும்போது ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொள்ளும் உரிமை மறுதரப்புக்கு உண்டு. தேதி குறித்து நடத்தும் நிகழ்ச்சியில் தேதிதானே முக்கியம்!

அதே பிரிவின் கடைசிப் பகுதியை நாம் கவனமாகப் படிக்க வேண்டும். தாமதமாக நடப்பதை நீங்கள் ஏற்றுக்கொண்டால், ஏற்கும்போதே "என் நட்டத்தைக் கேட்பேன்" என்று தெரிவிக்காவிட்டால், பிறகு அந்தத் தாமதத்துக்காக நட்டஈடு கேட்க முடியாது. அதனால்தான் செய்தி வந்த உடனே பதில் எழுத வேண்டும் என்கிறோம்.

மழை, புயல், அரசுத் தடை என்றால்? அதற்கு அமைப்பாளர் பொறுப்பாளி ஆகமாட்டார். பஸ் செலவு, மன உளைச்சல் என்று நட்டஈடு கேட்பது அப்போது கடினம். ஆனால் நடக்காத நிகழ்ச்சிக்கு வாங்கிய கட்டணம் வேறு விஷயம். ஒப்பந்தம் நிறைவேற முடியாமல் போய்ச் செல்லாததானால், அதன்கீழ் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்று 65ஆவது பிரிவு கூறுகிறது.

2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருக்கும் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இன்னும் நேரடியாகப் பேசுகிறது. ஒப்புக்கொண்டபடி சேவை தராதது 'சேவைக் குறைபாடு'. குறைபாடான சேவைக்கான பணத்தை, ரசீதில் குறித்த கெடுவுக்குள், கெடு குறிக்கப்படாவிட்டால் 30 நாட்களுக்குள் திருப்பித் தர மறுப்பது 'முறையற்ற வணிக நடைமுறை'. பணம் வாங்கிக்கொண்டு ரசீது தர மறுப்பதும் அதே வகைதான்.

"பணம் திருப்பித் தரப்படாது" என்று அச்சிட்டிருந்தால்?

பல ரசீதுகளின் அடியில் இந்த வரி இருக்கும். நாம் வர முடியாமல் போனால் அது நமக்கு எதிராக நிற்கலாம். நடத்துபவரே தேதியை மாற்றும்போதும் அதைக் காட்டித் தப்பிக்க முடியுமா என்பது வேறு கேள்வி. ஒரு தரப்புக்கே சாதகமான நிபந்தனைகளை 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்று சட்டம் குறிப்பிடுகிறது. அந்த அடிப்படையில் வழக்குத் தொடுப்பதென்றால் சென்னையில் உள்ள மாநில ஆணையத்துக்குப் போக வேண்டும். சேவைக் குறைபாடு, பணத்தைத் திருப்பித் தராதது என்ற அடிப்படையில் நம் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். அந்த வரியைப் பார்த்தே பயந்து விட்டுவிட வேண்டாம்.

உரிமை பலவீனமாகும் இடங்களும் உண்டு. நம் சொந்தக் காரணத்தால் போகாமல் இருப்பது. புதிய தேதியை ஏற்று டிக்கெட்டைப் பயன்படுத்துவது. பத்து மணி நிகழ்ச்சி பதினொரு மணிக்குத் தொடங்குவது போன்ற சிறு மாற்றம். கட்டணமே இல்லாத நிகழ்ச்சி. இவற்றில் பணம் கேட்டு வாதாடுவது நியாயமும் ஆகாது.

செய்ய வேண்டியவை

1. பணம் கட்டும்போதே தேதி, இடம், தொகை குறித்த ரசீது வாங்குங்கள். நோட்டீஸையும் விளம்பரத்தையும் படம் எடுத்து வையுங்கள். ஜிபே, போன்பே மூலம் அனுப்பினால் அந்தப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள்.

2. மாற்றச் செய்தி வந்தால் அழிக்காதீர்கள். அதுவே உங்கள் சாட்சி.

3. இரண்டு மூன்று நாட்களுக்குள் எழுத்தில் பதில் அனுப்புங்கள். போனில் பேசினாலும், பேசியதை ஒரு செய்தியாக எழுதி அனுப்புங்கள். மாதிரி இதோ:

"அய்யா, இந்தத் தேதியில் இந்த இடத்தில் நடக்கும் நிகழ்ச்சிக்காக இத்தனை ரூபாய் கட்டியுள்ளேன். ரசீது எண் இது. நீங்கள் தேதியை/இடத்தை மாற்றியுள்ளீர்கள். இந்த மாற்றம் எனக்குச் சம்மதமில்லை. முழுத் தொகையையும் 30 நாட்களுக்குள் திருப்பித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். என் மற்ற உரிமைகளை விட்டுக்கொடுக்கவில்லை."

4. பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். பல குறைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும். கார்டில் கட்டியிருந்தால் உங்கள் வங்கியிலும் எழுத்தில் முறையிடுங்கள்.

5. அதற்கும் பயனில்லை என்றால் பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் அனுப்பிவிட்டு, மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுங்கள்.

ஆணையத்துக்குப் போக பயம் வேண்டாம்

நிகழ்ச்சி நடத்தியவர் சென்னையில் இருக்கிறார், நாம் அங்கே அலைய முடியுமா என்று பலர் தயங்குகிறார்கள். 2019ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தயக்கத்தைத் தீர்த்துவிட்டது. மனுதாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். பெரம்பலூர்க்காரர் பெரம்பலூரிலும், அரியலூர்க்காரர் அரியலூரிலும் கொடுத்தால் போதும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். வக்கீல் கட்டாயம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும். இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாகவும் மனுவைப் பதியலாம்.

வக்கீல் உதவி வேண்டும் என்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். பெண்களுக்கு, வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலேயே இலவச சட்ட உதவி உண்டு. உதவி எண் 15100.

உம்ரா பயணத்தில் தனிக் கவனம்

நம் மக்களின் பெரிய தொகை போகும் இடம் இது. "ரமலானுக்கு முன்பு போவோம்" என்று சொல்லிப் பணம் வாங்கிவிட்டு, பிறகு தேதியை மாற்றுவது நடக்கிறது. திருச்சியிலிருந்து விமானம் என்றது வேறு ஊராகிறது. ஹரமுக்கு அருகில் என்ற தங்குமிடம் தூரத்துக்குப் போகிறது. இவையும் தேதி மாற்றமும் இடமாற்றமும்தான். புனிதப் பயணம் என்பதால் சட்டம் விலகி நிற்காது.

பணம் கட்டும் முன்பே புறப்படும் தேதி, விமான நிலையம், மக்காவிலும் மதீனாவிலும் தங்கும் நாட்கள், ஹோட்டலின் பெயர், ஹரமிலிருந்து தூரம், ஓர் அறையில் எத்தனை பேர் என்பதையெல்லாம் எழுதி வாங்குங்கள். நீங்களாக விலகினால் விசா, டிக்கெட்டுக்கு ஏஜெண்ட் உண்மையில் செலவழித்ததைக் கழிப்பது நியாயம். அதற்கும் ரசீது கேளுங்கள். அவரே மாற்றினால் அந்தச் செலவை உங்கள் தலையில் கட்டக் கூடாது.

2020இல் கொரோனாவால் இந்தியாவிலிருந்து ஹஜ் பயணம் நடக்கவில்லை. அரசின் தவறும் இல்லை, ஹாஜிகளின் தவறும் இல்லை. அப்போது விண்ணப்பித்திருந்த 2 லட்சத்து 13 ஆயிரம் பேருக்கும் எந்தப் பிடித்தமும் இல்லாமல் முழுப் பணமும் வங்கிக் கணக்கில் திருப்பித் தரப்படும் என்று அந்த ஆண்டு ஜூன் 23 அன்று மத்திய அமைச்சர் முக்தார் அப்பாஸ் நக்வி அறிவித்தார். ஏஜெண்ட் தயங்கினால் இந்த முன்னுதாரணத்தை எடுத்துச் சொல்லுங்கள்.

நாமே நடத்துபவர்களாக இருக்கும்போது

ஜமாஅத்தும் மதரஸாவும் சங்கங்களும்கூடக் கட்டணம் வாங்கி முகாம், வகுப்பு, சுற்றுலா நடத்துகின்றன. தேதி மாறினால் அறிவிப்பிலேயே இரண்டு வழிகளையும் எழுதிவிடுங்கள்: புதிய தேதிக்கு வருவோர் வரலாம், வர இயலாதோர் இந்த நாளுக்குள் சொன்னால் பணம் திருப்பித் தரப்படும். வாங்கிய கட்டணம் நிகழ்ச்சி முடியும் வரை நம் கையில் இருக்கும் அமானிதம். அதை வேறு செலவில் கரைத்துவிட்டு, கேட்பவரிடம் "நன்கொடையாக நினைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்வது சரியல்ல. நன்கொடை என்பது கொடுப்பவர் தாமாக மனம் விரும்பித் தருவது.

உரிமையைக் கேட்பது சண்டை போடுவதாகாது. மரியாதையோடு, எழுத்தில், காலத்தோடு கேளுங்கள். மனு எழுதத் தெரியாதவர்கள் ரசீதுடன் நம் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள். எழுதித் தருகிறோம், இன்ஷா அல்லாஹ். நம் கொடுக்கல் வாங்கலை அல்லாஹ் தூய்மையாக்கி வைப்பானாக, ஆமீன்.

— செயலாளர்