மோடி எழுத்து

ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரத்தை 1802-ஆம் ஆண்டில் நிறுவியவர் இரண்டாம் சரபோஜி மன்னர். சுவார்ட்சு ஐயரிடம் கல்வி பயின்றவர். அவர் காலத்தே தஞ்சை அரண்மனையின் உத்தரவுகளும் சத்திரக் கணக்குகளும் மராட்டி மொழியில், மோடி என்னும் எழுத்தால் எழுதப்பெற்றன. சமய நூல்களைப் படியெடுப்போர் நிறுத்தி எழுதும் தேவநாகரியைக் கையாண்டனர். மோடியோ கணக்கரின் விரைவுக்கென்றே அமைந்தது.

எழுதுவோர் முதலில் தாளின் குறுக்கே நெடுங்கோடொன்று இழுத்துக்கொள்வர். பின்னர் அதன்கீழ், எழுதுகோலைப் பெரும்பாலும் எடாமலே, எழுத்துக்களைத் தொடுத்துச் செல்வர். சொல்லுக்கும் சொல்லுக்கும் இடைவெளி இல்லை. இகர ஈகாரங்களுக்குக் குறி ஒன்றே. உகர ஊகாரங்களுக்கும் அவ்வாறே. ஏட்டுச்சுவடிகளிற் புள்ளியின்மையால் இடர்ப்பட்ட தமிழ் மாணவர்க்கு இத்தொல்லை நன்கு விளங்கும். ஆயினும் சுவடியைப் படிப்பார்க்கு யாப்புத் துணைநிற்கும்; கணக்குக்கு யாப்பேது?

இவ்வாவணங்கள் சிலவற்றைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தமிழாக்கி 1989-இல் வெளியிட்டது. 2014-இல் மோடி யூனிகோடிலும் இடம்பெற்றமையின், இன்று கணிப்பொறியில் அதற்கு எழுத்துருக்கள் உள. அவற்றில் எழுத்தெல்லாம் ஒழுங்குற நிற்கும். அவற்றைக் கற்றுத் தேர்ந்தாரும் பழைய கட்டொன்றை அவிழ்த்தவுடன் மீண்டும் அரிச்சுவடி மாணாக்கரே ஆவர். ஒரு கணக்கர் கை மற்றொருவர் கையன்று. சரசுவதி மகால் நூலகத்தில் அத்தகைய கட்டுகள் மிகுதியும் உள. படிக்கவல்லாரோ மிகச் சிலர்.