பட்டறைச் சப்தமும் மாணவரின் செவியும்

கிராமங்களில் உழவு இயந்திரங்கள் பெருகியதற்கேற்ப, அவற்றைப் பழுது பார்க்கக் கற்கும் வாலிபர்களும் பெருகியுள்ளனர். சங்க அங்கத்தினர் சிலருடைய புதல்வர்களும் தொழிற்பயிற்சி நிலையங்களில் டிராக்டர் மெக்கானிக் வேலை பயிலக்கூடும். தீப்பொறி பட்டால் உடனே சுடுமாதலால், கண்ணாடியும் கையுறையும் அவசியமென்பதை அவர்கள் விரைவில் உணர்கின்றனர். செவிக்கு நேரும் கேடோ பெரும்பாலும் வலியின்றியே வருவது. ஆகையால் அதைக் கற்பித்தே தீரவேண்டும்.

உட்செவியில் நத்தை ஓடு போன்ற ஓர் உறுப்பு உண்டு. அதனுள் மயிரிழை போன்ற நுனிகளையுடைய நுண்ணிய அணுக்கள் ஒலியை ஏற்று நரம்புக்குச் செலுத்துகின்றன. பேரொலியால் மடிந்த அணுக்கள் மீண்டும் தோன்றுவதில்லை. முதலில் மறைவன கீச்சொலிகளே. பின்னர், பேச்சுக் காதில் விழும், சொல் விளங்காது.

85 டெசிபெல் சப்தத்தில் நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் இருத்தலாகாது என்று அமெரிக்க நாட்டின் தொழிற்பாதுகாப்பு, சுகாதார ஆராய்ச்சி நிலையம் 1998-இல் சிபாரிசு செய்தது. அதற்கு மேல் 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி. 91-க்கு 2 மணி. 100-க்கு 15 நிமிஷமே. இரும்பைத் தேய்க்கும் கிரைண்டரின் சப்தம் 100 டெசிபெல்லை எட்டக்கூடியது.

இதனை மாணவருக்கு எளிதில் விளக்கலாம். இயந்திரம் ஓடுகையில், கை நீட்டும் தூரத்தில் நிற்பவரிடம் உரக்கக் கத்தியே பேச நேரிடின், அவ்விடத்தில் காதுக்காப்பு வேண்டும். காலையில் வானொலியைச் சொற்கள் விளங்குமளவு மட்டும் மெதுவாக வைத்துக் கேட்கச் செய்க. மாலையில் அதே அளவில் விளங்காவிடில், செவி களைத்துவிட்டதென்று அறிக. இக்களைப்பு நாள்தோறும் நேர்ந்தால் நிலைத்த கேடாகும்.

சாதாரணப் பஞ்சு போதாது. நுரைப்பஞ்சு அடைப்பானை, எண்ணெய்ப் பிசுக்கற்ற விரல்களால் மெல்லியதாக உருட்டி, மற்றக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுவந்து காதை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செலுத்தி, அது விரியும் வரை சுமார் 30 விநாடி பிடித்திருக்க வேண்டும். முதல் நாளன்றே, இயந்திரத்தை முடுக்குமுன், ஒவ்வொரு மாணவனும் இதைச் செய்து காட்டுதல் நலம்.

அங்கத்தினர்கள் தம் பிள்ளைகளிடம் இதை விசாரிப்பார்களாக. தேய்ந்த பல்சக்கரத்துக்கு மாற்று உண்டு. மடிந்த செவியணுவுக்கு இல்லை.