குழந்தைக்குக் கழிவறைப் பழக்கம்: அடியும் அவசரமும் வேண்டாம்

அஸர் நேரம் போய்க்கொண்டிருக்கிறது. விரித்து வைத்த முஸல்லாவின் மேல் இரண்டு வயதுப் பிள்ளை சிறுநீர் கழித்துவிட்டு நிற்கிறது. காலையிலிருந்து இது நான்காவது தடவை. உம்மாவுக்குப் பொறுமை போய், பிள்ளையின் முதுகில் ஓர் அடி விழுகிறது. "எங்க காலத்துல ஒரு வயசுலயே பழக்கிட்டோம். நீ டயப்பரக் கட்டிக் கட்டியே கெடுத்துட்ட" என்று உம்மம்மாவின் பேச்சு ஒரு பக்கம். நம்மில் பலருடைய வீட்டில் நடக்கும் காட்சிதான் இது.

அந்த அடியால் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறது? கழிவறைக்குப் போக வேண்டும் என்பதையா, உம்மாவுக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்ள வேண்டும் என்பதையா? பெரும்பாலும் இரண்டாவதைத்தான்.

எந்த வயதில் தொடங்கலாம்?

சிறுநீர்ப்பை நிறைந்துவிட்டது என்பதை மூளை உணர வேண்டும். கழிவறைக்குப் போய்ச் சேரும்வரை தசைகள் அதை அடக்கிப் பிடிக்க வேண்டும். இந்த இரண்டும் உடல் வளர்ச்சியோடு வருபவை. பெரும்பாலான குழந்தைகளிடம் இதற்கான அறிகுறிகள் 18 முதல் 24 மாதங்களுக்குள் தெரியத் தொடங்குகின்றன. சிலருக்கு இன்னும் தாமதமாகும்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசில்டன் 1,170 குழந்தைகளைக் கவனித்து 1962ஆம் ஆண்டு ஓர் ஆய்வை வெளியிட்டார். அக்குழந்தைகள் பகல் நேரத்தில் முழுமையாகப் பழகிய சராசரி வயது 28.5 மாதங்கள். அதாவது இரண்டே கால் வயதைத் தாண்டித்தான்.

அப்படியானால் உம்மம்மா சொல்வது பொய்யா? பொய்யில்லை. அந்தக் காலத்தில் தாய் காலை நீட்டி உட்கார்ந்து, பாதங்களின் மேல் குழந்தையை இருத்தி, 'ஸ்ஸ்ஸ்' என்று சத்தம் கொடுப்பார். அந்தச் சத்தத்துக்கும் நேரத்துக்கும் குழந்தை பழகிவிடும். அது நல்ல வழக்கம்தான். ஆனால் அங்கே நேரம் பார்த்துத் தூக்கிப் போனவர் தாய். குழந்தை தானாக உணர்ந்து, அடக்கி, வாயால் சொல்வது அதற்கடுத்த படி. அது அதற்குரிய வயதில்தான் வரும்.

இன்னொன்றையும் நாம் மனதில் வைக்க வேண்டும். இரண்டு வயதுக் குழந்தையின் சிறுநீர்ப்பை ஏறத்தாழ 120 மில்லிதான் கொள்ளும். ஒரு சின்ன டம்ளர் தேநீர் அளவு. "கொஞ்சம் பொறு, தொழுதுட்டு வர்றேன்" என்று சொன்னால், பொறுக்க நினைத்தாலும் அதனால் முடியாது.

தயாராகிவிட்டதற்கான அடையாளங்கள்

- இரண்டு மணி நேரம்வரை நனைக்காமல் இருக்கிறது.
- மலம் கழிக்கும்போது மூலைக்கோ கதவுக்குப் பின்னாலோ போய் நிற்கிறது.
- நனைந்த துணியை இழுத்துக் காட்டுகிறது, அதோடு இருக்க விரும்புவதில்லை.
- தானே நடந்து போய், ஜட்டியைக் கீழே இறக்க முயல்கிறது.
- "அந்தக் கிண்ணத்தை எடுத்து வா" போன்ற சிறிய சொல்லைப் புரிந்து செய்கிறது.

இவற்றில் பாதியாவது தெரிந்தால் தொடங்கலாம். ஆனால் வீட்டில் புதிய குழந்தை பிறந்திருக்கும்போது, வீடு மாறும்போது, காய்ச்சலின்போது, சுன்னத் செய்த புண் ஆறாத நேரத்தில் தொடங்க வேண்டாம். ரமளானின் கடைசி நாள்களும் பெருநாள் பயணமும் இதற்கு ஏற்ற காலமல்ல. ஏற்கெனவே பழகிய பிள்ளையும் இத்தகைய நேரங்களில் மீண்டும் நனைக்கக்கூடும். அது பிடிவாதமல்ல. வீடு பழைய நிலைக்கு வந்ததும் பிள்ளையும் திரும்பிவிடும்.

எப்படித் தொடங்குவது?

முதலில் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். மூச்சா, ஆய், எதுவானாலும் சரி. உம்மா ஒன்றும் வாப்பா ஒன்றும் சொன்னால் பிள்ளை குழம்பும்.

நம் வீட்டுத் தரைக் கழிவறையின் குழியைப் பார்த்து, உள்ளே விழுந்துவிடுவோமோ என்று குழந்தை பயப்படும். ஆகவே சிறிய பாட்டி நாற்காலி ஒன்று வாங்கிக் குளியலறை ஓரத்தில் வையுங்கள். மேற்கத்திய கழிவறையானால் குழந்தைக்கான சிறிய இருக்கையைப் பொருத்தி, கால் ஊன்ற ஒரு முக்காலி போடுங்கள். கால் அந்தரத்தில் தொங்கினால் முக்கி மலம் கழிக்க முடியாது.

தூங்கி எழுந்ததும், குளிக்கும் முன்பு, படுக்கும் முன்பு உட்கார வையுங்கள். சாப்பிட்டு 15 முதல் 30 நிமிடங்களில் குடல் இயல்பாகவே அசையத் தொடங்கும். மலம் கழிக்கப் பழக்க அதுவே நல்ல நேரம். ஐந்து நிமிடங்களுக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம். வரவில்லையென்றால் எழுப்பிவிடுங்கள்.

பகலில் வீட்டில் இருக்கும்போது டயப்பரை நிறுத்திவிட்டு, எளிதில் இறக்கக்கூடிய பருத்தி ஜட்டி போடுங்கள். டயப்பர் ஈரத்தை உறிஞ்சிவிடுவதால், தான் நனைந்ததே பிள்ளைக்குத் தெரிவதில்லை. ஆண் பிள்ளையும் முதலில் உட்கார்ந்தே பழகட்டும். உட்கார்ந்து சிறுநீர் கழிப்பது நம் மார்க்கம் காட்டும் ஒழுக்கமும்கூட.

கூடவே ஒழுக்கங்களையும் சொல்லிக்கொடுக்கலாம். உள்ளே நுழையும் முன் துஆ, இடது காலை முதலில் வைப்பது, இடது கையால் சுத்தம் செய்வது, வெளியே வரும்போது வலது கால், பிறகு சோப்பால் கை கழுவுவது. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னோக்கிக் கழுவ வேண்டும். மாறிச் செய்தால் சிறுநீர்த் தொற்று வரலாம். வந்தவர்கள் முன்னால் ஹாலில் வைத்து உடையைக் கழற்றாமல் இருந்தால், வெட்கமும் அங்கேயே கற்றுக்கொடுக்கப்பட்டுவிடும்.

நடுவில் தடுக்காதீர்கள்

கிராமவாசி ஒருவர் பள்ளிவாசலுக்குள்ளேயே சிறுநீர் கழித்த நிகழ்ச்சி நாம் அறிந்ததுதான். தோழர்கள் அவரைக் கண்டிக்க விரைந்தபோது, அவரை இடைமறிக்க வேண்டாம் என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர் முடித்த பிறகு அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். பிறகு பள்ளிவாசல் எதற்கான இடம் என்பதை மென்மையாக விளக்கினார்கள்.

விவரம் தெரிந்த பெரிய மனிதருக்கு, அதுவும் பள்ளிவாசலில், இந்த மென்மை கிடைத்தது என்றால், நம் வீட்டு இரண்டு வயதுப் பிள்ளைக்கு எவ்வளவு கிடைக்க வேண்டும்? தொழுகையைக்கூட ஏழு வயதில்தான் ஏவச் சொன்ன மார்க்கம் நம்முடையது.

மருத்துவமும் இதையே சொல்கிறது. அடிக்குப் பயந்த குழந்தை மலத்தை அடக்கும். அடக்கிய மலம் இறுகும். இறுகியது வெளியேறும்போது வலிக்கும். வலிக்குப் பயந்து இன்னும் அடக்கும். சில நாள்கள் போனால், இறுகிய மலத்தின் ஓரமாகத் தண்ணீர்போல மலம் கசிந்து ஜட்டியில் படும். நாம் அதை வயிற்றுப்போக்கு என்றோ திமிர் என்றோ நினைப்போம். உண்மையில் அது முற்றிய மலச்சிக்கல்.

இந்த அறிகுறி தெரிந்தால் பயிற்சியைச் சில வாரங்கள் நிறுத்தி, மீண்டும் டயப்பருக்கே போங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. தண்ணீர், கொய்யா, பப்பாளி, கீரை நிறையக் கொடுங்கள். பாலை அளவாகக் கொடுங்கள். மலத்தில் இரத்தம், சிறுநீர் கழிக்கும்போது அழுகை, காய்ச்சல், பழகிய பிள்ளை திடீரென அதிகத் தாகத்தோடு அடிக்கடி சிறுநீர் கழிப்பது ஆகியவை இருந்தால் மருத்துவரிடம் காட்டத் தாமதிக்க வேண்டாம்.

இரவு வேறு கணக்கு

பகலில் பழகிய பிள்ளை இரவில் நனைப்பது சாதாரணம். தூக்கத்தில் அடக்குவது பயிற்சியால் வருவதல்ல, வளர்ச்சியால் வருவது. ஐந்து வயதிலும் நூற்றில் ஏறக்குறைய 15 பிள்ளைகள் படுக்கையை நனைக்கிறார்கள். பெரும்பாலும் வாப்பாவோ உம்மாவோ சிறு வயதில் அப்படி இருந்திருப்பார்கள். மெத்தைக்கு மேல் ரப்பர் ஷீட் போடுங்கள். உறவினர்கள் முன்னால் அதைச் சொல்லிச் சிரிக்காதீர்கள்.

உம்மாவின் தொழுகை

இந்த நாள்களில் தாய்மார்களின் பெரிய கவலை தொழுகைதான். உணவு சாப்பிடத் தொடங்கிய குழந்தையின் சிறுநீர் பட்டால் கழுவித்தான் ஆக வேண்டும். எனவே தொழுகைக்கென ஓர் உடையைத் தனியே மடித்து வையுங்கள். முஸல்லாவைத் தொழும் நேரத்தில் மட்டும் விரியுங்கள். பாங்கு சொன்னதும் பிள்ளையை ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப் போங்கள். ஐவேளைத் தொழுகை பிள்ளைக்கும் நேர அட்டவணையாகிவிடும்.

வீட்டில் இருக்கும் வாப்பாமார்களும் இதில் பங்கெடுக்க வேண்டும். நபி (ஸல்) அவர்கள் வீட்டு வேலைகளில் குடும்பத்தாருக்கு உதவியாக இருந்தார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். வாப்பா வளைகுடாவில் இருக்கும் வீடுகளில் உம்மா தனியாகத்தான் சமாளிக்கிறார். அங்கே உம்மம்மாவும் ராத்தாவும் குறை சொல்வதை விட்டு ஒரு வேளை கை கொடுத்தால் போதும், பாதிக் கோபம் வராது.

அடுத்த முறை முஸல்லா நனைந்தால், முதலில் பிள்ளை முடிக்கட்டும். பிறகு "மூச்சா எங்கே போகணும்?" என்று கேட்டு, கையைப் பிடித்து இடத்தைக் காட்டுங்கள். விரிப்பைக் கழுவிக் காயப் போடுங்கள். விரிப்பு ஒரு வெயிலில் காய்ந்துவிடும். பிள்ளை மனதில் விழுந்த பயம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

நம் பிள்ளைகளைத் தூய்மையை நேசிப்பவர்களாகவும், நம்மைப் பொறுமையாளர்களாகவும் அல்லாஹ் ஆக்குவானாக. ஆமீன்.