உங்களுக்குத் தெரியுமா? மின்சாரம் வரவழைத்த சிரிப்பு

● 1839-ல் பாரிஸில் டாகுவேரின் புகைப்பட முறை வெளியானபோது, ஒரு படம் பதியவே பல நிமிடங்கள் பிடித்தது. பிறகு வந்த ஸ்டுடியோக்களில் தலை அசையாமலிருக்கக் கழுத்துக்குப் பின்னால் இரும்புத் தாங்கி வைத்தார்கள். பழைய படங்களில் பலரும் உம்மென்று இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

● நொடியில் மறையும் முகபாவத்தை இத்தனை மெதுவான கேமராவில் பிடிப்பது எப்படி? பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் துஷேன் 1850-களில் ஒரு வழி கண்டார். முகத்தில் மின்முனைகளை வைத்துத் தசைகளைச் சுருங்கச் செய்தார். மின்சாரம் பாயும்வரை பாவம் கலையாது. ஆட்ரியன் தூர்னஷோன் என்ற புகைப்படக்காரர் அவருக்கு உதவினார்.

● துஷேனின் படங்களில் அதிகம் தென்படுபவர் பல் விழுந்த ஒரு முதியவர். அவருக்கு முகத்தில் தொடு உணர்வு குன்றியிருந்ததால், மின்சாரம் பாய்ந்தபோது வலி பெரிதாகத் தெரியவில்லை.

● உதட்டோரத்தை மேலே இழுக்கும் தசையை நாம் நினைத்தபடி இயக்கலாம். கண்ணைச் சுற்றியுள்ள தசையோ உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும். 1862-ல் வெளியான நூலில் துஷேன் சொன்னது இது.

● துஷேனின் படங்கள் சார்லஸ் டார்வினின் கைக்கு வந்தன. எந்தப் படம் எந்த உணர்ச்சி என்று சொல்லாமலே இருபதுக்கும் மேற்பட்டவர்களிடம் காட்டி, என்ன தெரிகிறது என்று கேட்டார். சில படங்களுக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே மாதிரி பதில் சொன்னார்கள். சிலவற்றுக்கு ஆளுக்கொரு பதில்!

● உலகெங்கும் முகபாவங்கள் ஒன்றுதானா என்று அறிய, டார்வின் 16 கேள்விகளைப் பல நாடுகளுக்கு அனுப்பினார். வந்த 36 பதில்களில் இந்தியா, இலங்கை பற்றியவையும் இருந்தன.

● உணர்ச்சி வெளிப்பாடு பற்றி 1872-ல் வந்த டார்வினின் நூல், புகைப்படங்களை அச்சிட்ட ஆரம்பகால அறிவியல் நூல்களுள் ஒன்று. அதிலுள்ள சில பாவங்களைப் புகைப்படக்காரர் ரெய்லாண்டரே கேமரா முன் நடித்துக் காட்டியிருக்கிறார்.

● அந்நூலில் புகழ்பெற்றது வீறிட்டு அழும் குழந்தையின் படம். அது நேரடிப் புகைப்படமல்ல. புகைப்படத்தைப் பார்த்து ரெய்லாண்டர் வரைந்த ஓவியத்தின் புகைப்படம் என்று பின்னாளில் ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள்.

● துஷேன் எடுத்த 'திகில்' படத்தை டார்வின் மரச்செதுக்குப் படமாக வெளியிட்டார். முதியவரின் முகத்திலிருந்த மின்முனைகள் அதில் இல்லை. பார்ப்பவருக்கு அவர் தானாகவே அஞ்சி நடுங்குவதுபோல் இருக்கும்.

● 1978-ல் உளவியலாளர்கள் பால் எக்மனும் வாலஸ் ஃப்ரீசனும் முகத் தசைகளின் அசைவுகளுக்கு எண் கொடுத்து ஒரு பட்டியலை வெளியிட்டார்கள். துஷேன் சொன்னபடி கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு இன்று 'துஷேன் சிரிப்பு' என்றே பெயர். ஆனால் அதை வேண்டுமென்றே வரவழைக்கவும் பலரால் முடியும் என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே, கண் சுருங்கியது என்பதற்காக மட்டும் ஒரு சிரிப்பை நம்பிவிடாதீர்கள்!