காளை எங்கேடா?

தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடம் போன மாணவர்கள் எல்லோரும் அந்தச் சிலை முன்னால் நின்றுவிட்டோம். திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர். 1011-ஆம் ஆண்டுச் சோழர் வார்ப்பு. தலைப்பாகை போலச் சுற்றிய சடை. காளைமேல் சாய்ந்தபடி வலது கை. காளையைத்தான் காணோம்!

மதியம் ஓட்டலில் இலை போட்டதும் எலக்ட்ரிக்கல் நண்பன் கேட்டான்: "அதே அச்சுல இன்னொரு காளையை ஊத்திட வேண்டியதுதானேடா?"

சாம்பார் முடிந்து ரசம் வரும்வரை மெக்கானிக்கல் கோஷ்டி விளக்கியது. நம் ஃபவுண்டரி ஷாப்பில் மரப் பேட்டர்னை மணலிலிருந்து உருவி எடுக்கிறோம். அதை வைத்தே மறுபடி மோல்டு போடலாம். சிலைக்குப் பேட்டர்ன் மெழுகு: தேன்மெழுகோடு குங்கிலியம் சேர்த்தது. அதன்மேல் வண்டல் மண் பூசிக் காயவைத்துச் சுட்டால், மெழுகு உருகி ஓடிவிடும். அந்தக் காலியிடத்தில் உலோகக் குழம்பு, பெரும்பாலும் செம்பு. ஆறியபின் அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்கணும். பேட்டர்னும் போச்சு, மோல்டும் போச்சு!

ஆனால் லாபம் பாருங்கள். உருவும் வேலையே இல்லாததால் டிராஃப்ட் கொடுக்க வேண்டாம். அந்தச் சடைச் சுருளை மரத்தில் செதுக்கி மணலிலிருந்து உருவினால் மோல்டே இடிஞ்சிடும்.

தொலைந்த காளையை இனி ஒரு ஸ்தபதி புதிதாகத்தான் மெழுகில் பிடிக்கணும். அது வேறு காளை. சுவாமிமலையில் இன்றும் இப்படித்தான் வார்க்கிறார்கள்; அடுத்த டூரில் அதையும் சேருங்கள்.