ராத்திரிப் பத்து மணிக்கு ஒரு கொலை!

சகோதரிகளே, வெட்கப்படாமல் சொல்லுங்கள். ராத்திரி அடுப்படியைத் துடைத்து, பாலுக்கு உறை ஊற்றி, குழந்தைகளைத் தூங்கப் பண்ணிய பிறகு நீங்கள் உட்கார்ந்து பார்ப்பது என்ன? பக்திப் படமா? சமையல் நிகழ்ச்சியா? எனக்குத் தெரியும். நானும் அதைத்தான் பார்க்கிறேன். யாரோ யாரையோ கொன்றுவிட்டார்கள். கொன்றது யார் என்று தெரிகிற வரையில் நமக்குத் தூக்கம் வராது. தெரிந்த பிறகும் வராது! எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

"அந்த நாளில் இந்தக் கண்றாவியெல்லாம் உண்டா?" என்று வீட்டுப் பெரியவர்கள் முணுமுணுத்தால், 1944-ல் நடந்த லட்சுமிகாந்தன் கொலை வழக்கைப் பற்றி மெதுவாக ஒரு வார்த்தை போட்டுப் பாருங்கள். பாகவதரும் கலைவாணரும் கைதானது முதல் 1947-ல் விடுதலையானது வரை, தங்கள் தகப்பனார் சொல்லக் கேட்டதையெல்லாம் ஒன்று விடாமல் ஒப்பிப்பார்கள். ஆகவே இந்த ஆசை நமக்குப் புதிதல்ல.

கற்பனைக் கொலைகளைப் பற்றி எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை. புஷ்கர்-காயத்ரி தம்பதி எழுதி 2022-ல் வெளிவந்த 'சுழல்' தொடரையே எடுத்துக்கொள்ளுங்கள். சிமெண்டுத் தொழிற்சாலை பற்றி எரிகிறது. ஒரு பெண்ணைக் காணோம். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா. என்ன விறுவிறுப்பு! முடிந்ததும் நிம்மதியாகப் படுக்கலாம். அங்கே அழுதவர்களெல்லாம் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள்.

நிஜ வழக்குகளைத் தொடராக எடுக்கிறார்களே, அங்கேதான் சங்கடம். அமெரிக்காவில் 1978-லிருந்து 1991-க்குள் பதினேழு பேரைக் கொன்ற ஜெஃப்ரி டாமர் என்பவனைப் பற்றி 2022-ல் நெட்பிளிக்ஸில் ஒரு தொடர் வந்தது. தலைப்பிலேயே கொலைகாரன் பெயர்! செத்துப்போனவர்களில் ஒருவனுடைய சகோதரி 1992-ல் கோர்ட்டில் அவனைப் பார்த்து ஆவேசமாகக் கதறினாள். அவளுடைய உடை, தலைமயிர், பேச்சு எல்லாவற்றையும் அப்படியே இன்னொரு நடிகையைக் கொண்டு நடித்துக் காட்டிவிட்டார்கள். "என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லையே!" என்று அந்த அம்மாள் வருத்தப்பட்டாள். டாமராக நடித்தவருக்கோ 2023-ல் கோல்டன் குளோப் பரிசு கிடைத்தது. நடிப்பு நன்றாகத்தான் இருந்தது, மறுக்கவில்லை. இருந்தாலும் நான் பாதியில் நிறுத்திவிட்டேன்.

அதே நிஜ வழக்கை வேறு விதமாகவும் சொல்லலாம் என்று காட்டியது ரிச்சி மேத்தாவின் 'டில்லி கிரைம்'. 2012 டிசம்பரில் டில்லியில் ஓடும் பஸ்ஸில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமையை நாம் யாரும் மறக்கவில்லை. 2019-ல் வந்த இந்தத் தொடர் அந்தப் பஸ்ஸுக்குள் நடந்ததை நம் கண்ணுக்குக் காட்டவே இல்லை. அதற்கே இயக்குநருக்கு ஒரு நமஸ்காரம் சொல்லலாம். ஷெஃபாலி ஷா போலீஸ் அதிகாரியாக வருகிறார். வீட்டில் அவருடைய மகளோ டில்லியே வேண்டாம் என்று வெளிநாடு போகத் துடிக்கிறாள். அம்மா என்ன பதில் சொல்வாள்? கொலைகாரர்களைப் பிடிப்பதைவிட அந்தக் கேள்விதான் கஷ்டமாக இருக்கிறது. 2020-ல் சர்வதேச எம்மி பரிசு கிடைத்ததில் ஆச்சரியமில்லை. ஒரு குறை மட்டும் உண்டு. போலீஸார் பக்கமே கதை சாய்கிறது; தெருவில் திரண்டு நியாயம் கேட்டவர்கள் ஏதோ இடைஞ்சல் போலத் தெரிகிறார்கள். அவர்கள் திரண்ட பிறகல்லவா 2013-ல் சட்டமே திருத்தப்பட்டது!

சரி, என்னைத் தூங்கவிடாமல் அடித்த தொடருக்கு வருகிறேன். 2015-ல் வந்த 'தி ஜிங்க்ஸ்'. இதில் நடிப்பல்ல, ஆசாமியே நேரில் வந்து பேசுகிறார்! நியூயார்க்கில் பெரிய கட்டடங்களுக்குச் சொந்தமான குடும்பத்துப் பிள்ளை ராபர்ட் டர்ஸ்ட். 1982-ல் அவர் மனைவி காணாமல் போனாள். 2000-ல் அவருடைய நெடுநாள் சிநேகிதி சூசன் பெர்மன் லாஸ் ஏஞ்செல்ஸில் சுட்டுக் கொல்லப்பட்டாள். தம் கதையைப் போல ஒரு சினிமா எடுத்த ஆண்ட்ரூ ஜரெக்கியைத் தாமே கூப்பிட்டு, "என்னைப் பேட்டி எடுங்கள்" என்றார் டர்ஸ்ட். விதி என்பது இதுதானோ!

சூசன் வீட்டில் பிணம் கிடப்பதாகப் பெவர்லி ஹில்ஸ் போலீஸாருக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்திருந்தது. அதில் 'பெவர்லி' என்ற சொல்லில் ஓர் 'ஈ' எழுத்து கூடுதல். பல வருஷம் கழித்து, சூசனின் பழைய காகிதங்களுக்கிடையே டர்ஸ்ட் அவளுக்கு எழுதிய ஒரு கடித உறை அகப்பட்டது. அதே கையெழுத்து, அதே கூடுதல் 'ஈ'! இரண்டையும் அருகருகே நீட்டியதும் அந்த மனிதருக்கு ஏப்பம் ஏப்பமாக வருகிறது. பிறகு குளியலறைக்குப் போகிறார். சட்டையில் மைக் இருப்பதை மறந்து, எல்லாரையும் கொன்றதாகத் தமக்குத் தாமே முணுமுணுக்கிறார். கடைசிப் பகுதி ஒளிபரப்பாவதற்கு முதல் நாள் அவரைக் கைது செய்தார்கள்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆனால் 2019-ல் வெளியான செய்தியைக் கேளுங்கள். குளியலறையில் அவர் முணுமுணுத்த வாக்கியங்களை வெட்டி, இடம் மாற்றி ஒட்டியிருந்தார்களாம்! அவரே பேசியவைதான், ஆனால் அந்த வரிசையில் அல்ல. அவர் குற்றவாளியென்று 2021-ல் ஜூரிகள் தீர்ப்பளித்தார்கள். 2022 ஜனவரியில் சிறைவாசத்திலேயே இறந்தார். இருந்தாலும், நம்மைத் திடுக்கிட வைப்பதற்காக ஒரு மனிதன் வாய்ப்பேச்சையே கத்தரிப்பது என்ன நியாயம்? நாளைக்கு நிரபராதி ஒருவன் அகப்பட்டால்?

இதையெல்லாம் எதிர்வீட்டு மாமியிடம் வீராவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மாமியும் ஆறு பகுதிகளையும் பார்த்தவர். அந்த 'ஈ' எழுத்து, ஏப்பம், குளியலறை என்று வரிசையாகச் சொன்னார். நடுவில் திடீரென்று, "அது சரி, அந்தப் பொண்டாட்டி பேர் என்னடி?" என்று கேட்டார்.

எனக்கு வாயடைத்துப் போயிற்று. டாமர் தொடரைப் பாதியில் நிறுத்திய புண்ணியவதி நான்!

வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தேன். காத்லீன். காணாமல் போனபோது வயது இருபத்தொன்பது; வைத்தியக் கல்லூரியில் கடைசி வருஷம். இன்னும் சில மாதங்களில் டாக்டராகியிருப்பாள். அவளுடைய உடல் கிடைக்கவே இல்லை.