உங்களுக்குத் தெரியுமா? 5 ரூபாயில் மும்பை தியேட்டர் டூர்!

லீவுக்கு மும்பை போகிறீர்களா? தியேட்டர் என்றாலே உங்களுக்கு உயிரா? பட்ஜெட் இடிக்கிறதா? கவலையை விடுங்கள்! சர்ச்கேட் ஸ்டேஷனில் லோக்கல் ரயில் ஏறுங்கள். மரைன் லைன்ஸ், சர்னி ரோடு, கிராண்ட் ரோடு, மும்பை சென்ட்ரல். நாலே ஸ்டாப்! ஐந்து கிலோமீட்டர்கூட முழுசாக வராது. இந்தியாவின் முதல் சினிமா காட்சி, முதல் முழுநீளக் கதைப்படம், முதல் பேசும் படம் எல்லாமே இந்தத் தண்டவாளத்தின் அக்கம்பக்கத்தில்தான் மக்கள் முன் ஓடின. செகண்ட் கிளாஸ் டிக்கெட் எவ்வளவு தெரியுமா? வெறும் 5 ரூபாய்!

ரயில் ஏறும் முன் ஒரு குட்டி நடை. காலா கோடா பகுதியில் இரும்புச் சட்டங்களால் நிற்கும் பழைய கட்டடம் ஒன்று இருக்கிறது. இன்று அதன் பெயர் எஸ்பிளனேட் மேன்ஷன். அன்று வாட்சன்ஸ் ஹோட்டல். 1896 ஜூலை 7 அன்று லூமியர் சகோதரர்களின் ஆறு குட்டிப் படங்கள் அங்கே திரையில் ஓடின. இந்தியா முதன்முதலாக சினிமா பார்த்த நாள் அதுதான்! டிக்கெட் 1 ரூபாய்!

பாரிஸில் லூமியர்கள் முதன்முதலாகக் காசு வாங்கிப் படம் காட்டியது 1895 டிசம்பர் 28. பம்பாய்க்கு அது வந்து சேர எத்தனை நாள் பிடித்தது? 6 மாதம் 9 நாள்! கப்பல் காலத்தில்!

அந்த ஹோட்டலின் இரும்புத் தூண்கள் இங்கிலாந்தில் வார்க்கப்பட்டவை. கப்பலில் ஏற்றி வந்து இங்கே பூட்டினார்கள். எழுத்தாளர் மார்க் ட்வைன் அங்கே தங்கியதும் அதே 1896-ல்தான்! கட்டடம் இப்போது ரொம்பவே தளர்ந்துபோய் நிற்கிறது. எதிர் நடைபாதையில் நின்று ஒரு நிமிடம் அண்ணாந்து பாருங்கள். பைசா செலவில்லை!

அங்கிருந்து பொடிநடையில் ரீகல். 1933-ல் லாரல் ஹார்டி படத்தோடு திறந்த தியேட்டர். ஏர்கண்டிஷன் உண்டு. கார் நிறுத்தத் தரைக்கு அடியில் பார்க்கிங் உண்டு. மறுபடி சொல்கிறேன், 1933-ல்!

சென்னையிலிருந்து மெயிலில் வந்து சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸில் இறங்குகிறீர்களா? அந்த ஸ்டேஷனை வடிவமைத்தவர் எஃப்.டபிள்யூ.ஸ்டீவன்ஸ். ரீகல் தியேட்டரை வடிவமைத்தவர் சார்லஸ் ஸ்டீவன்ஸ். யார் இவர்? அவருடைய மகன்! அப்பா கட்டிய ஸ்டேஷனில் இறங்கி, மகன் கட்டிய தியேட்டரில் படம் பார்க்கிற பாக்கியம் வேறு எந்த ஊரில் கிடைக்கும்?

2018-ல் யுனெஸ்கோ இந்தப் பகுதியை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மொத்தம் 94 கட்டடங்கள். ரீகலும் அதில் ஒன்று. ஈராஸும் அதில் ஒன்று. உலகப் பாரம்பரியத்துக்குள் உட்கார்ந்து பாப்கார்ன் சாப்பிடலாம்!

அந்த ஈராஸ் எங்கே? சர்ச்கேட் ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தால் கண்ணெதிரே! சிவப்புக் கல்லும் வெளிர் மஞ்சளும் கலந்து, தெருமுனையில் கப்பல் மாதிரி நிற்கும். பிறந்தது 1938. பல வருடம் பூட்டிக் கிடந்தது. 2024 பிப்ரவரியில் ஐமேக்ஸாக மறுபிறவி எடுத்தது! முன்பு 1,200-க்கு மேல் இருக்கைகள். இப்போது 305!

ஐமேக்ஸ் டிக்கெட் கொஞ்சம் கையைக் கடிக்கும். வழி இருக்கிறது! சனி, ஞாயிறை விடுங்கள். வார நாள் காலைக் காட்சியைப் பிடியுங்கள். மற்ற மல்டிபிளெக்ஸ்களுக்கு செவ்வாய்க்கிழமையை ஒதுக்குங்கள். அன்றைக்குச் சலுகை விலை உண்டு. தொடக்கமே 99 ரூபாய்!

முதல் ஸ்டாப், மரைன் லைன்ஸ். இறங்கி நடந்தால் மெட்ரோ. இதைக் கட்டியது யார் தெரியுமா? கர்ஜிக்கும் சிங்கத்தைக் காட்டிப் படத்தை ஆரம்பிக்குமே, அந்த ஹாலிவுட் எம்.ஜி.எம். கம்பெனி! வரைபடம் போட்டவர் நியூயார்க்கின் தாமஸ் லேம்ப். இதுவும் 1938. ஒரே வருடத்தில் ஈராஸும் மெட்ரோவும்!

ஃபிலிம்ஃபேர் விருது விழா முதன்முதலில் நடந்ததும் மெட்ரோவில்தான். 1954 மார்ச் 21. இன்றைக்கு விருதுப் பட்டியலை வாசித்து முடிக்கவே நேரம் போதாது. அன்றைக்கு மொத்தம் எத்தனை விருது? ஐந்தே ஐந்து!

பசிக்கிறதா? மெட்ரோவுக்கு எதிரிலேயே கயானி இரானி ஹோட்டல். தொடங்கியது 1904. தியேட்டரை விட 34 வயது மூத்தது! வெண்ணெய் தடவிய பன் மஸ்காவை இரானி சாயில் தோய்த்து வாயில் போடுங்கள். மல்டிபிளெக்ஸ் பாப்கார்ன் விலையில் இரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டுவிடலாம்!

பக்கத்திலேயே லிபர்ட்டி. பெயரைப் பார்த்தீர்களா? சுதந்திரம் வந்த சூட்டோடு 1949-ல் திறந்த தியேட்டர் இது. அதனால்தான் அந்தப் பெயர்! முதல் படம் மெஹ்பூப் கானின் 'அந்தாஸ்'. 1994-ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கௌன்' இங்கே ஓடியது 100 வாரத்துக்கு மேல்! திரைப்பட விழா நடக்கும் நாளாகப் பார்த்துப் போங்கள். திரைக்கு இரண்டு பக்கமும் உறைந்துபோன நீரூற்று மாதிரி சுதை வேலைப்பாடு. விளக்கு அணைவதற்கு முன் அதைப் பார்க்காமல் விட்டால் போன பயனே இல்லை!

அடுத்து சர்னி ரோடு. இறங்கினால் கிர்காவ். 1913 மே 3 அன்று தாதாசாகேப் பால்கேயின் 'ராஜா ஹரிச்சந்திரா', அதாவது முதல் முழுநீளக் கதைப்படம், இங்கே காரனேஷன் தியேட்டரில்தான் மக்களுக்குத் திரையிடப்பட்டது. படத்தின் நீளம் 3,700 அடி!

அதே கிர்காவில் மெஜஸ்டிக். 1931 மார்ச் 14 அன்று முதல் பேசும் படமான 'ஆலம் ஆரா' வெளியானது. திரை பேசியது! கூட்டத்தை அடக்க போலீஸ் வந்தது. 4 அணா டிக்கெட் பிளாக்கில் எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 4 ரூபாய், 5 ரூபாய்! ஒன்றுக்கு இருபது மடங்கு வரை!

இப்போது நம்ம ஊர் சங்கதி! தமிழின் முதல் பேசும் படம் 'காளிதாஸ்'. டி.பி.ராஜலட்சுமி நடித்தது. எங்கே எடுத்தார்கள்? சென்னையில் இல்லை, பம்பாயில்! அதுவும் 'ஆலம் ஆரா'வுக்குப் போட்ட அதே செட்டில்! படப்பெட்டி சென்னை சென்ட்ரலில் வந்து இறங்கியபோது ஆயிரக்கணக்கானவர்கள் திரண்டார்கள். வால்டாக்ஸ் ரோடு வழியாக கினிமா சென்ட்ரல் தியேட்டர் வரை ஊர்வலம். ரோஜா இதழ் தூவினார்கள், ஊதுவத்தி கொளுத்தினார்கள், தேங்காய் உடைத்தார்கள். ஒரு பெட்டிக்கு! 1931 அக்டோபர் 31-ல் படம் ரிலீஸ்!

ராயல் ஓபரா ஹவுஸும் இங்கிருந்து நடக்கிற தூரம்தான். 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் திறந்து வைத்தார். அப்போது கட்டட வேலையே முடியவில்லை! 1993-ல் மூடினார்கள். திரும்பத் திறந்தது 2016-ல். 23 வருடத் தூக்கம்!

மூன்றாவது ஸ்டாப் கிராண்ட் ரோடு. இங்கே எனக்கு மிகவும் பிடித்த சங்கதி ஒன்று இருக்கிறது. ஹரிச்சந்திரன் மனைவி தாராமதி வேடத்துக்குப் பால்கே ஊரெல்லாம் பெண் தேடினார். ஒருவர்கூட முன்வரவில்லை. அலுத்துப்போய் கிராண்ட் ரோடு ஹோட்டல் ஒன்றுக்குள் நுழைந்தார். அங்கே சமையல் வேலை பார்த்த மெலிந்த இளைஞர் கண்ணில் பட்டார். பெயர் அண்ணா சாளுங்கே. ஹோட்டலில் சம்பளம் மாதம் 10 ரூபாய். 15 தருகிறேன், வா என்றார் பால்கே. இந்திய சினிமாவின் முதல் கதாநாயகி கிடைத்தார்! ஐந்து ரூபாய் சம்பள உயர்வில்! நீங்கள் கையில் வைத்திருக்கும் லோக்கல் டிக்கெட் விலையும் அதே ஐந்துதான்!

மினர்வா தியேட்டர் இருந்ததும் இந்தப் பக்கம்தான். 1975 ஆகஸ்ட் 15-ல் 'ஷோலே' வந்தது. ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. ஐந்து வருடத்துக்கு மேல்! இன்று மினர்வா இல்லை. 'ஷோலே' வில்லன் கப்பர் சிங்கின் வசனம் மட்டும் மும்பைத் தெருவில் இன்னும் ஓடுகிறது!

நான்காவது ஸ்டாப், மும்பை சென்ட்ரல். பையைத் தோளில் மாட்டுங்கள். நாம் வந்த முக்கியக் காரணமே இதுதான். மராத்தா மந்திர்!

1995 அக்டோபர் 20. ஷாருக் கான், கஜோல் நடித்த 'தில்வாலே துல்ஹனியா லே ஜாயேங்கே' இங்கே ரிலீஸ். 2014 டிசம்பர் 12-ல் 1,000 வாரம். 2025-ல் 30 வருடம்! கொரோனா காலத்தில் ஊரே அடைத்திருந்தபோதுதான் இடைவெளி விட்டது. கதவு திறந்ததும் படமும் திரும்ப வந்துவிட்டது!

காட்சி நேரம் காலை 11.30. டிக்கெட் பால்கனிக்கே 50 ரூபாயைச் சுற்றித்தான். ஆம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஏர்கண்டிஷனில் உட்கார 50 ரூபாய்!

உள்ளே போய் உட்காருங்கள். திரையை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்து வரிசையையும் பாருங்கள். ஊருக்கு ரயில் பிடிக்கும் முன் மூன்று மணி நேரத்தை ஓட்ட வந்தவர் மடியில் பெட்டியோடு உட்கார்ந்திருப்பார். கல்லூரிக்கு மட்டம் போட்ட ஜோடி இருக்கும். ஷாருக் வாயைத் திறக்கும் முன்பே பின் வரிசையிலிருந்து வசனம் வந்துவிடும்! கிளைமாக்ஸில் கஜோல் ஓடும் ரயிலைப் பிடிக்க ஓடும்போது எழும் விசில் இருக்கிறதே, படம் நேற்று ரிலீஸ் ஆனது போலத்தான் கேட்கும். விளக்கு எரிந்து வெளியே வந்தால் எதிரே நிற்பது என்ன? ரயில்வே ஸ்டேஷன்!

அந்த கிளைமாக்ஸ் ஸ்டேஷன் பஞ்சாப் என்றுதானே நினைத்தீர்கள்? இல்லவே இல்லை! மகாராஷ்டிராவின் ராய்கட் மாவட்டத்து ஆப்டா ஸ்டேஷன். பன்வேல் பக்கம்!

மராத்தா மந்திரின் பழைய பெருமை இன்னும் பெரிது. 1960 ஆகஸ்ட் 5-ல் 'முகல்-ஏ-ஆசம்' முதல் காட்சி இங்கேதான். படப்பெட்டி எதில் வந்தது? அலங்கரித்த யானை மேல்! சாதாரண டிக்கெட் ஒன்றரை ரூபாய். அந்த முதல் காட்சிக்கு 100 ரூபாய்! முன்பதிவு தொடங்கியதும் ரசிகர்கள் நாள்கணக்கில் வரிசையில் கிடந்தார்கள். சாப்பாடு வீட்டிலிருந்து வந்தது!

அந்தப் படத்தைத் தமிழுக்காகவும் தனியே எடுத்தார்கள் என்பது தெரியுமா? ஒவ்வொரு காட்சியும் இந்தி, தமிழ், ஆங்கிலம் என்று மூன்று முறை! தமிழ்ப் படம் 1961-ல் வந்தது. பெயர் 'அக்பர்'!

தங்க இடம்? மும்பை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குள்ளேயே பாட் ஹோட்டல் இருக்கிறது. தேன்கூடு மாதிரி அடுக்கடுக்காக 48 குட்டி அறைகள். உள்ளே படுக்கை, ஏசி, வைஃபை. 2021 நவம்பரில் தொடங்கியபோது 12 மணி நேரத்துக்கு 999 ரூபாய். நல்ல தூக்கம் போட்டு எழுந்து, மேட்னிக்கு நடந்தே போகலாம்!

இன்னும் நேரம் இருக்கிறதா? பெடர் ரோட்டில் இந்திய சினிமாவுக்கான தேசிய அருங்காட்சியகம். 2019-ல் திறந்தது. பழைய குல்ஷன் மஹால் பங்களாவிலும் அதன் பக்கத்துப் புதுக் கட்டடத்திலும் நூறு வருட சினிமா அடைந்து கிடக்கிறது. நுழைவுக் கட்டணம் 20 ரூபாய்! ஒரே எச்சரிக்கை. திங்கள்கிழமை விடுமுறை. அன்றைக்குப் போய் கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள்!

பாந்த்ராவில் ஒரு தியேட்டர் வளாகம். ஏழு திரை. கெயிட்டி, கேலக்ஸி, ஜெமினி, காசிப், ஜெம், கிளாமர், கிரேஸ். ஆங்கிலத்தில் ஏழுமே ஒரே எழுத்தில் தொடங்குகின்றன! அதனால் செல்லப் பெயர் ஜி செவன். புதுப் படத்தை முதல் நாளே நூற்றுச் சொச்ச ரூபாயில் பார்க்க இதைவிடத் தோதான இடம் இல்லை. கைத்தட்டலும் விசிலும் இலவசம்!

வீட்டு ஞாபகம் வந்துவிட்டதா? மாட்டுங்கா போங்கள். கஃபே மெட்ராஸில் 1940-லிருந்து இட்லியும் ஃபில்டர் காபியும். பக்கத்து அரோரா தியேட்டரில் ரஜினி படம் ரிலீஸ் ஆனால் விடியும் முன்பே மேளம், மாலை, பாலாபிஷேகம். தாராவியிலிருந்தும் செம்பூரிலிருந்தும் தமிழ்க் கூட்டம் திரளும். மும்பையில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும்!

செகண்ட் ஷோ போகலாமா, திரும்ப ரயில் இருக்குமா என்று யோசிக்கிறீர்களா? தாராளமாகப் போங்கள்! சர்ச்கேட்டிலிருந்து கடைசி லோக்கல் கிளம்புவது ஏறக்குறைய இரவு 1 மணிக்கு! அதற்குப் பிறகு விடிகாலை நாலு தாண்டும் வரை தண்டவாளம் அமைதியாகக் கிடக்கும்.

'ஆலம் ஆரா' எடுத்த ஸ்டுடியோ ரயில் பாதையை ஒட்டி இருந்தது. பகலெல்லாம் ரயில் சத்தம். மைக்கில் வசனம் விழாது. என்ன செய்தார்கள் தெரியுமா? ரயில் ஓய்ந்த பிறகு மைக்கை நடிகர்கள் பக்கத்தில் ஒளித்து வைத்து, ராத்திரியில் எடுத்தார்கள். இந்திய சினிமா பேசக் கற்றுக்கொண்ட நேரம் எது தெரியுமா? இரவு 1 மணி முதல் 4 மணி வரை!